வெள்ளத்தை முந்தும் செய்தி

மகாவலி இலங்கையின் மிக நீளமான ஆறு. மத்திய மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதன் கிளையான வெருகல் ஆறும் அல்லைக் குளமும் நீர் ஊட்டும் சமவெளியில் மூதூர், தோப்பூர், கிளிவெட்டி, சேருவில எனப் பல ஊர்கள் இருக்கின்றன. தோப்பூரின் வாழ்க்கை நெற்செய்கையின் பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் சுற்றியே நடக்கிறது. வயலுக்கு உயிர் தரும் அதே ஆறு, வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தாழ்நிலங்களை மூழ்கடிக்கவும் செய்கிறது.

தோப்பூருக்கு மேலே, ஆற்றங்கரையில் உள்ள மனம்பிட்டியவில், நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டத்தை அளந்து வருகிறது. அங்கே மட்டம் ஏறினால், பல மணித்தியாலங்கள் கழித்தே அந்த நீர் கீழ்நிலத்துக்கு வந்து சேரும். வெள்ளம் ஆற்றில் ஏறத்தாழ மனிதர் நடக்கும், ஓடும் வேகத்தில்தான் நகர்கிறது. கரை மீறிப் பரவினால் இன்னும் தாமதிக்கிறது. வானலையோ ஒரு வினாடியில் 3 இலட்சம் கிலோமீற்றர் பாய்கிறது. கணக்குப்படி பார்த்தால் தோப்பூரில் மாடு கட்டியிருக்கும் ஒருவருக்கும், வெட்டிய நெல்லைக் களத்தில் குவித்திருக்கும் ஒருவருக்கும் வெள்ளத்துக்கு வெகுமுன்பே செய்தி கிடைத்துவிட வேண்டும்.

பல வேளைகளில் கிடைப்பதில்லை. வானலை வினாடிக்குள் வந்துவிடுகிறது. ஆனால் கருவியிலிருந்து மனிதரின் முடிவுவரை உள்ள தூரத்தைக் கடக்க மணித்தியாலங்களும், சில நேரங்களில் ஆண்டுகளும் ஆகின்றன. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைக் கொண்டு வறிய நாடுகளை முன்னேற்றுவது பற்றி உலகம் முப்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறது. அந்தப் பேச்சின் சாரம் முழுவதும் இந்தக் கடைசித் தூரத்தில்தான் இருக்கிறது.

இரண்டு மணித்தியாலம்

2004 டிசம்பர் 26. இலங்கை நேரப்படி காலை 6.59க்குச் சுமாத்திராவின் கடலடியில் பூமி பிளந்தது. பதினைந்து நிமிடத்தில் ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கத்தைக் குறித்து ஓர் அறிக்கை விடுத்தது. பசுபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்றது அந்த அறிக்கை. இந்து சமுத்திரக் கரைகளுக்கு எச்சரிக்கை அனுப்ப ஓர் ஏற்பாடும் இல்லை. யாரை அழைப்பது என்ற தொலைபேசிப் பட்டியல்கூட இல்லை.

சுனாமி அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே நடக்க இருபது நிமிடம் போதும். மூதூரும் கிண்ணியாவும் அடிபட்டன. அவற்றின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 35,000 பேர் இறந்தார்கள். நேரம் இருந்தது, தொலைபேசிகள் இருந்தன, வானொலியும் தொலைக்காட்சியும் செய்மதிகளும் இருந்தன. இருந்தும் செய்தி வரவில்லை.

அதே காலை, வங்கக் கடலின் இன்னொரு கரையில் வேறொன்று நடந்தது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்திலுள்ள நல்லவாடு என்ற மீனவ ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் உடனே ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் விபரீதமாக நடந்துகொள்வதாக வீட்டிலிருந்தவர்கள் சொன்னார்கள். ஓடுங்கள், எல்லாரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. அதன் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்லப்பட்டது. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் உயிர் தப்பியது. வீடுகளும் படகுகளும் போயின.

நல்லவாட்டைக் காப்பாற்றிய தொழில்நுட்பத்தில் புதுமை ஒன்றுமில்லை. ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒலிபெருக்கியில் வரும் குரலை நம்புவதற்கு ஊர் பல காலமாகப் பழகியிருந்தது. அந்தப் பழக்கம் எப்படி உண்டானது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

வில்லியனூரில் தொடங்கியது

1998இல் சுவாமிநாதன் நிறுவனம் கனடாவின் ஆராய்ச்சி உதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. வில்லியனூரில் மைய நிலையம். எம்பலம், கிழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளைகள். தொலைபேசிக் கம்பி சரியாக எட்டாத இடங்களுக்கு வானலை வழியாகவும், மின்சாரம் நிற்கும் நேரங்களுக்குச் சூரிய மின்கலம் வழியாகவும் இணைப்புக் கொடுத்தார்கள்.

கருவிகளை வைப்பதற்கு முன்பு அவர்கள் ஊருக்குள் போய், எந்தத் தகவல் இல்லாமல் மக்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று கேட்டார்கள். அரசு உதவித் திட்டங்களுக்கு யார் தகுதி, எந்த மருத்துவமனையில் எந்த நாளில் மருத்துவர் இருப்பார், சந்தையில் விலை என்ன, மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வது: இவைதான் பதில்களாக வந்தன. நிலையத்துக்கு இடத்தை ஊரே தர வேண்டும், அந்த இடத்துக்குள் தலித் மக்கள் உட்பட எல்லாரும் வர முடிய வேண்டும் என்பது நிபந்தனை. நடத்துபவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள். அவர்களில் பலர் பெண்கள்.

வீராம்பட்டினத்து மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பை வெளியிட்டு வந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் குரல் பதிவாக்கி, கடற்கரையை நோக்கி வைத்த ஒலிபெருக்கியில் ஒலிபரப்பினார்கள். உலகின் மிகப் பெரிய கடற்படை தன் கப்பல்களுக்காகச் செய்த கணக்கு, ஒரு கட்டுமரக்காரர் இன்று கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவியது. வந்த செய்தி நாள்தோறும் கடலோடு ஒத்துப்போனது. அப்படித்தான் குரல்மீது நம்பிக்கை வளர்ந்தது.

தோப்பூரிலும் இந்தக் கடைசித் தூரத்தைக் கடக்கும் குரல் ஏற்கெனவே இருக்கிறது. ஜனாஸா (இறுதிச் சடங்கு) அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் வருகிறது; வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை, நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டைவிதானை சொல்லக் கேட்டுத்தான் வயல்காரர் அறிகிறார்கள். கைத்தொலைபேசி இல்லாத மூதாட்டிக்கும், கணவரின் கையிலேயே தொலைபேசி இருக்கும் பெண்ணுக்கும் இவை எட்டுகின்றன. எந்தப் புதிய முறையும் இந்தப் பழைய குரல்களோடு இணைந்தால்தான் ஊர் முழுவதையும் சென்றடையும்.

மத்திமீனும் நெல்லும்

தொலைபேசி வறியவருக்கு வருமானம் தருமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை கேரளக் கரையிலிருந்து வந்தது. பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் மத்திமீன் சந்தைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார். 1997 முதல் 2001 வரை அந்தக் கரையில் கைத்தொலைபேசிச் சேவை பகுதி பகுதியாக வந்தது. கோபுரங்களின் அலை கடலுக்குள் 20, 25 கிலோமீற்றர்வரை எட்டியது.

அதற்கு முன்பு ஒரு படகு தன் ஊர்க் கரைக்கே திரும்பும். அன்று எல்லாருக்கும் மீன் பட்டிருந்தால் வாங்க ஆள் இருக்காது. மீனைக் கடலில் கொட்டுவார்கள். சில கிலோமீற்றருக்கு அப்பால் இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். இரண்டு கரைக்கும் ஒன்றைப் பற்றி மற்றதற்குத் தெரியாது. தொலைபேசி வந்ததும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டுப் படகைத் திருப்பினார்கள். பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம்வரை வீணாகிவந்த மீன் வீணாகாமல் போனது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. ஒரே தகவலால் இரு தரப்பும் பயனடைந்தன.

இந்த ஆய்வு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டானது. விலையைச் சொன்னால் போதும், உழவர் உயர்வார் என்று பல திட்டங்கள் எழுந்தன. இலங்கையிலும் தம்புள்ளை மொத்தச் சந்தையின் மரக்கறி விலைகளைத் திரட்டி உழவருக்குத் தரும் 'கொவி ஞான சேவா' 2003இல் தொடங்கியது; பிறகு 2009இல் டயலொக் நிறுவனத்தின் 'ட்ரேட்நெட்' வழியாக அத்தகைய விலைகள் கைத்தொலைபேசிக்கு வந்தன. பயனுள்ள முயற்சிகள். ஆனால் மத்திமீனுக்குப் பொருந்திய கணக்கு நெல்லுக்கு அப்படியே பொருந்துமா?

நெற்செய்கையில் ஒரு சிறு உழவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அறுவடை இயந்திரம் ஒரே நாளில் வயலை வெட்டித் தள்ளுகிறது. நெல் ஈரமாக இருக்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபையிடம் முழு விலையைப் பெற ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காய வைக்கக் களம் வேண்டும், வெயில் வேண்டும், காத்திருக்கச் சேமிப்பிடம் வேண்டும், ஏற்றிப்போக வாகனம் வேண்டும். இவற்றுக்கு மேலாக, விதைக்கும்போது பசளைக்கும் உழவுக்கும் கடன் கொடுத்த வியாபாரி வயல் ஓரத்திலேயே லொறியோடு நிற்கிறார். பொலன்னறுவையில் கிலோவுக்கு எத்தனை ரூபாய் கூடுதல் என்று கைத்தொலைபேசி சொல்லும். அந்த விலையை அடையும் வழியை அது சொல்லாது.

கேரள மீனவரிடம் படகு இருந்தது, எரிபொருள் இருந்தது, திரும்பிச் செல்லப் பல கரைகள் இருந்தன. அதனால் தகவல் அவர் கையில் பலமானது. கடனில் கட்டுண்ட உழவரிடம் தெரிவுகளே இல்லை. ஆகவே அவருக்கு விலைத் தகவலோடு காய வைக்கும் களமும், சேமிப்பு வசதியும், நியாயமான கடனும் சேர்ந்து வர வேண்டும். செய்தியை அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதை வைத்துக்கொண்டு அந்த மனிதரால் என்ன செய்ய முடியும்?

தமிழ் எத்தனை பைட்?

செய்தி மக்களின் மொழியில் வர வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. அது ஏன் பல வேளைகளில் அப்படி வருவதில்லை என்பதற்குப் பின்னால் நிர்வாகத்தின் அலட்சியத்தோடு ஒரு பொறியியல் காரணமும் இருக்கிறது.

ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுக்கு மேல் இடமில்லை. ஒரு பைட்டில் 8 பிட். மொத்தம் 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்று அதை வடிவமைத்தவர்கள் வைத்ததால் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கு யூனிகோட் குறியீடு. ஒரு குறிக்கு 16 பிட். ஆகவே 70 குறிகள்தான். அதிலும் தமிழின் ஓர் எழுத்து பல வேளை இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. 'தோப்பூர்' என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிவது தோ, ப், பூ, ர் என்ற நான்கு எழுத்துகள். கருவிக்குள்ளே அவை எட்டுக் குறிகள்: 128 பிட். ஆங்கில எழுத்தில் அதே பெயரை ஏழு எழுத்தில் எழுதினால் 49 பிட்.

அதாவது ஒரே எச்சரிக்கையைத் தமிழில் அனுப்ப இரண்டு, மூன்று குறுஞ்செய்திகள் தேவைப்படலாம். இலட்சக்கணக்கானோருக்கு அனுப்பும்போது செலவும் நெரிசலும் அதற்கேற்பப் பெருகும். பழைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலமும் இருந்தது. இது தமிழின் குறை அல்ல. குறுஞ்செய்தியின் தரத்தை வகுத்த மேசையில் தமிழ் பேசுபவர் இல்லாததன் விளைவு. பின்னாளில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு 7 பிட் அட்டவணைகள் அந்தத் தரத்தில் சேர்க்கப்பட்டன. அதற்குள் கோடிக்கணக்கான கருவிகள் அவை இல்லாமலேயே மக்கள் கைக்குப் போய்விட்டன. இலங்கையில் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்ற கணினித் தரம் 2008இல்தான் வந்தது.

இன்றைய திறன்பேசி தமிழை அழகாகக் காட்டுகிறது. அப்படியானால் எஞ்சியிருக்கும் தாமதம் மனிதத் தாமதம். முதல் அறிக்கை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டு, மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்து, பிறகு தமிழில் வந்தால், அந்தக் காத்திருப்பும் வெள்ளத்தின் வேகத்தோடு ஒப்பிடப்பட வேண்டியதுதான். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அவசரநிலையில் அந்த உரிமை நிமிடக் கணக்கில் அளக்கப்படுகிறது. எச்சரிக்கையின் வாசகங்களை மூன்று மொழியிலும் முன்கூட்டியே எழுதி வைத்து, இடமும் நேரமும் அளவும் மட்டும் நிரப்பும்படி செய்தால் அந்தத் தாமதத்தை முற்றாக நீக்கலாம். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை.

அனுப்பும் முறையிலும் தெரிவு இருக்கிறது. குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போகிறது. பேரிடரில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்போது அது வரிசையில் சிக்கிக்கொள்ளும். செல் ஒலிபரப்பு என்ற முறையில் ஒவ்வொரு கோபுரமும் செய்தியை ஒருமுறை ஒலிபரப்புகிறது. அதன் எல்லைக்குள், அந்த வசதி இயங்கும் எல்லாக் கருவிகளும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. வீடு வீடாகக் கதவைத் தட்டுவதற்கும் ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் சுமை ஒன்றுதான். யாருடைய எண்ணும் தெரிய வேண்டியதில்லை. சுனாமியின் பாடத்திலிருந்து மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் டயலொக்கும் சேர்ந்து உருவாக்கி 2009இல் வெளியிட்ட டி.ஈ.டபிள்யூ.என். என்ற எச்சரிக்கை வலையமைப்பு இந்த முறையையும் பயன்படுத்தியது.

கருவி எதைப் பெருக்குகிறது?

2003ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைந்தது. உலக வங்கிக் கடனோடு நடந்த 'இ-ஸ்ரீலங்கா' திட்டத்தில் நாடெங்கும் நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் கணினியைத் தொட்டது அங்கேதான். அதன் மின்நூலகத் திட்டம் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் சர்வதேச விருதையும் பெற்றது. ஆனால் உலகெங்கும் இப்படிப்பட்ட நிலையங்களுக்கு வந்த சோதனை இங்கும் வந்தது: திட்டப் பணம் முடிந்த பிறகு நடத்துநருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, பழுதான கணினியை யார் திருத்துவது, கைத்தொலைபேசி மலிந்துவிட்ட காலத்தில் மக்கள் ஏன் அங்கே வர வேண்டும்?

பெங்களூரில் மைக்ரோசொப்ட் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென்டாரோ தொயாமா, இந்தியக் கிராமங்களில் பல முயற்சிகளை நடத்திப் பார்த்துவிட்டு 2015இல் ஒரு நூல் எழுதினார். தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் மனித ஆற்றலையும் நோக்கத்தையும் பெருக்குகிறது; இல்லாததை அது உண்டாக்குவதில்லை என்பது அவர் முடிவு. நல்ல ஆசிரியர் இருக்கும் வகுப்பில் கணினி கல்வியைப் பெருக்கும். பதில் சொல்லாத அலுவலகத்துக்கு இணையதளம் வைத்துக் கொடுத்தால், அந்த மௌனம்தான் பெருகும்.

இந்த நோக்கில் இலங்கையின் இரண்டு வெற்றிகளைப் பார்க்கலாம். சுனாமிக்குப் பின் காணாமல்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிவுசெய்ய உள்ளூர் மென்பொருளாளர்கள் தன்னார்வமாகச் சில வாரங்களில் 'சஹானா'வை எழுதினார்கள். எவரும் இலவசமாகப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய அந்த மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் உதவியது. அடுத்தது 2022 ஜூலையில் வந்த தேசிய எரிபொருள் அட்டை. எரிபொருள் வரிசைகள் நாள் கணக்கில் நீண்ட காலத்தில், வாகனத்துக்கு ஒரு கியூ.ஆர். குறியீடும் வாராந்த அளவும் தந்தார்கள். திறன்பேசி இல்லாதவர் குறியீட்டைத் தாளில் அச்சிட்டு எடுத்துப்போகலாம். அந்த ஒரு தீர்மானம்தான் வறியவரையும் அத்திட்டத்துக்குள் சேர்த்தது.

இரண்டிலும் தேவை என்னவென்று தெரிந்தவர்களே கருவியைச் செய்தார்கள். செய்தியின் மறுமுனையில் நிவாரணமோ எரிபொருளோ உண்மையில் இருந்தது.

அளக்க வேண்டியது எதை?

உள்நாட்டுப் போரில் தேய்ந்த ஊர்களுக்கு, செய்தியின் மறுமுனையில் உண்மையான உதவி இருப்பது இன்னும் முக்கியம். 2006 ஆகஸ்டில் மூதூரும் தோப்பூரும் சண்டைக்குள் சிக்கி, மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். வழியிலுள்ள ஆறுகளுக்குப் பாலங்கள் வரும்வரை திருகோணமலை நகருக்குப் போகத் துறையடியில் காத்திருக்க வேண்டியிருந்தது. பாதை அடைபட்டிருந்த ஊருக்குத் தொலைபேசி பெரும் விடுதலை. அதனாலேயே அதைப் பற்றி உயர்ந்த எதிர்பார்ப்பு வைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

சுனாமிக்குப் பின் லேர்ன்ஏசியா என்ற ஆராய்ச்சி நிறுவனமும் சர்வோதய இயக்கமும் இலங்கைக் கரையோரத்தில் 32 ஊர்களைத் தெரிவுசெய்து ஒரு சோதனை நடத்தின. செய்மதி வானொலி, நிலைத்த தொலைபேசி, கைத்தொலைபேசி எனப் பலவகைக் கருவிகளைக் கொடுத்து, பயிற்சி பெற்ற ஊர்களையும் பெறாதவற்றையும் ஒப்பிட்டு, செய்தி புறப்பட்டதிலிருந்து ஊர் அசையும்வரை என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். எந்த ஒரு கருவியையும் தனியே நம்ப முடியாது என்பது தெளிவானது. அதைவிடப் பெரிது அவர்கள் கையாண்ட அளவுகோல்.

அரசுகளும் நிறுவனங்களும் வழக்கமாக எண்ணிக் காட்டுவது கோபுரங்களை, இணைப்புகளை, திறந்த நிலையங்களை. எண்ண வேண்டியது அந்த ஊர் அசைய எடுத்த நேரத்தை. ஒவ்வோர் ஆண்டும் வடகீழ்ப் பருவமழைக்கு முன், மூதூர்ப் பிரதேசத்தில் ஒரு வெள்ள ஒத்திகை நடக்கட்டும். எச்சரிக்கை எத்தனை மணிக்குப் புறப்பட்டது, தமிழில் எத்தனை மணிக்கு வந்தது, பள்ளிவாசலிலும் கோவிலிலும் எப்போது ஒலித்தது, கைத்தொலைபேசி இல்லாத வீடு எப்போது கேட்டது, கடைசிக் குடும்பம் மேட்டுநிலத்தை எப்போது அடைந்தது என்று கிராம சேவகரும் ஊர் இளைஞரும் குறித்து வெளியிடட்டும். அடுத்த ஆண்டு அந்த நேரம் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எந்த இடத்தில் தங்கியது என்று கேட்கும் உரிமை அந்த ஊருக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை அதற்குரிய அலுவலகத்துக்கு உண்டு. தகவல் தொழில்நுட்பம் தோப்பூருக்கு உண்மையில் வந்ததா என்பதை அந்த ஓர் எண் காட்டிவிடும்.